சங்கக் காலண்டரில் ஓர் ஓட்டை

2022 ஜனவரி 25 அன்று பத்ம விருதுப் பட்டியல் வெளியானது. அதில் கோயில் நடனக் கலைஞர் விராலிமலை முத்துக்கண்ணம்மாள் பெயரைப் பார்த்ததும் முகநூலில் சூடாக நாலு வரி எழுதிப் போட்டேன். எண்பதைத் தாண்டிய மனுஷிக்கு இப்போது பத்மஸ்ரீ கொடுத்து யாருக்கு என்ன லாபம், காலில் சலங்கை கட்டி ஆடிய வயதில் இந்த அரசாங்கமெல்லாம் எங்கே போயிருந்தது என்கிற ரீதியில். நல்ல வரவேற்பு. எனக்கு வழக்கமாக விழுவதைப் போல ஐந்து மடங்கு விருப்பக்குறி. ஒரு நண்பர் ‘செருப்படி’ என்று பின்னூட்டம் போட்டிருந்தார். திருப்தியாகத் தூங்கப் போனேன். அந்த நாலு வரியில் தப்பாக ஒன்றும் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதை எழுதியவன் நான் என்பதுதான் கொஞ்ச நாளாக உறுத்துகிறது.

உறுத்தலைக் கிளப்பிவிட்டது ஒரு விண்ணப்பப் படிவம். அம்மா வீட்டுக்குப் பின்தெருவில் ஓர் அத்தை இருக்கிறார். சொந்த அத்தை இல்லை, தெருவே அப்படித்தான் கூப்பிடும். ஸ்பெஷல் நாடகத்தில், அதாவது ஊர்ப் பொட்டலில் விடிய விடிய நடக்கிற இசை நாடகத்தில், ஸ்திரீபார்ட் என்கிற கதாநாயகி வேடம் போட்டவர். வள்ளி திருமணத்தில் வள்ளி, பவளக்கொடியில் பவளக்கொடி, மயான காண்டத்தில் சந்திரமதி. இப்போது 71 வயது, ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இன்னொன்று பாக்கி. போன ஐப்பசியில் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு தாளை நீட்டினார். பழைய மிருதங்கக்காரர் ஒருவர் கொடுத்தனுப்பினாராம். “இதை நிரப்பிக் குடு மருமவனே, உனக்குத்தான் எழுதுறது கைவந்த கலையாச்சே.”

மாவட்டம்தோறும் கலை பண்பாட்டுத் துறை கொடுக்கிற விருதுகளுக்கான படிவம் அது. வயதை வைத்துப் படி கட்டியிருக்கிறார்கள். 18 வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. தொகை இளமணிக்கு 4,000 ரூபாயில் தொடங்கி முதுமணிக்கு 20,000 வரை ஏறும். நாடகத்தில் இது தலைகீழ். ஸ்திரீபார்ட்டுக்கு நாற்பது வயதானால் நாரதர் தர்க்கத்தில் என்னதான் வெளுத்துக் கட்டினாலும் சம்பளம் இறங்க ஆரம்பித்துவிடும். “வயசானா ரேட் ஏறுற ஒரே எடம் இதுதான் அத்தை” என்றேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “என்னென்ன கேட்டிருக்கான் படி” என்றார்.

பெயர், முகவரி, வயதுச் சான்று, இரண்டு புகைப்படம், கலை அனுபவத்துக்கான சான்றுகள். நான்காவது வரையில் சுலபம்.

நோட்டும் மைக்கும்

ஸ்பெஷல் நாடகம் பார்த்து வளர்ந்தவர்களுக்குத் தெரியும், அந்த மேடையில் மரியாதை உடனுக்குடன் நடக்கிற காரியம். தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடிக்கொண்டிருக்கும்போதே கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து வருவார். பத்து ரூபாய் நோட்டு ஒன்றை ஊக்கில் குத்தி ஆர்மோனியக்காரர் சட்டையில் மாட்டுவார். கமிட்டிக்காரர் மைக்கைப் பிடித்து இன்னார் மகன் இன்னார், இத்தனை ரூபாய், வள்ளியின் குரல் வளத்தைப் பாராட்டி அன்பளிப்பு என்று அறிவிப்பார். பாட்டு நின்று, வள்ளி கையெடுத்துக் கும்பிட்டு, பாட்டு விட்ட இடத்தில் தொடரும். சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் இருந்தால் நூறு ரூபாய், சால்வை. பட்டங்களும் அப்படித்தான். ஆர்மோனியச் சக்கரவர்த்தி, இசைக்குயில், தர்க்கப் புலி என்று நோட்டீஸில் பெயருக்கு முன்னால் வரும் எல்லாம் ஏதாவது ஒரு ஊர்க் கமிட்டி ஒரு விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு மைக்கில் கொடுத்தவை. யாரும் அதற்குத் தாள் கேட்டதில்லை, யாரும் தாள் கொடுத்ததும் இல்லை.

அத்தைக்கும் ஒரு பட்டம் இருந்தது. இங்கே எழுதினால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், விடுங்கள். அதைக் கொடுத்த ஊர், கொடுத்த பெரியவர், அன்று கதாநாயகனான ராஜபார்ட் யார், நாரதர் யார், பக்கவாத்தியத்தில் ஆல்ரவுண்டு வாசித்தது யார் என்று வரிசையாகச் சொன்னார். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. ஒருவர் மதுரையிலிருந்து, ஒருவர் புதுக்கோட்டையிலிருந்து, ஒருவர் மணப்பாறையிலிருந்து பஸ் பிடித்து வந்து, இரவு பத்து மணிக்கு மேடையில்தான் முகம் பார்ப்பார்கள். ஆகவே யாரோடு நின்றோம் என்பது அவர்களுக்கு மறக்காது. ஆனால் படிவத்தில் அதற்கு இடம் இல்லை. “அதுக்குச் சாட்சி வேணும்னா யாரைக் கூட்டிட்டு வர்றது? குடுத்தவரும் போயிட்டாரு, வாங்குறதப் பாத்தவங்களும் முக்காவாசி போயிட்டாங்க” என்றார். குரலில் சோகமெல்லாம் இல்லை. நடைமுறைச் சிக்கலைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

பத்ம விருதுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். சில வருடங்களாக இணையத்தில் யாரும் யாரையும் பரிந்துரைக்கலாம், தன்னைத்தானேகூடப் பரிந்துரைத்துக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார்கள். 800 சொற்களுக்கு மிகாமல் அவர் என்ன செய்தார் என்று எழுதித் தர வேண்டும். நல்ல ஏற்பாடுதான், முன்பெல்லாம் டெல்லியில் ஆள் தெரிந்தவர்களின் பெயர்தானே போகும் என்ற பேச்சுக்கு இது ஒரு பதில். ஆனால் அந்த 800 சொற்களை எழுத ஒரு மருமகன் வேண்டும். அவனுக்கு எடுத்துக்கொடுக்கப் பத்திரிகை நறுக்கு, ஒலிநாடா, புகைப்படம் ஏதாவது வேண்டும். சபாவில் ஆடியவருக்கு விமர்சனம் இருக்கும், வானொலியில் பாடியவருக்கு ஒப்பந்தத் தாள் இருக்கும். விடிய விடிய பொட்டலில் பாடியவருக்கு என்ன இருக்கும்?

சங்கக் காலண்டர் இருக்கும் என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாடக நடிகர் சங்கங்கள் வருடா வருடம் போடுகிற காலண்டர். மேலே முருகனோ மீனாட்சியோ, அதற்குக் கீழே வரிசை வரிசையாக ஸ்டாம்பு அளவில் கலைஞர்களின் படங்கள். ராஜபார்ட்டுகள் ஒரு வரிசை, ஸ்திரீபார்ட்டுகள் ஒரு வரிசை, பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம். படத்துக்கடியில் பெயரும் ஊரும். நாடகம் வைக்கிற ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துத்தான் யார் யார் நடிப்பது என்று செட்டு பேசுவார்கள். வருடம் அச்சாகியிருக்கும், சங்கத்தின் பெயர் இருக்கும், ஆளின் முகம் இருக்கும். இதைவிட உறுதியான சான்று வேறென்ன வேண்டும்? “காலண்டர் வச்சிருக்கியா அத்தை?” என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். பிறகு பரணைக் காட்டினார்.

தகரப் பெட்டி

பெட்டியில் ஒன்பது காலண்டர்கள் இருந்தன, சுருட்டி, ரிப்பனால் கட்டி. முதலாவதைப் பிரித்தேன். எண்பதுகளில் அச்சான காலண்டர். மயில்மேல் முருகன், இரண்டு பக்கமும் வள்ளி தெய்வானை, கீழே முகங்கள். ஸ்திரீபார்ட் வரிசையில் மூன்றாவது இடத்தில் ஓட்டை. சதுரமாக, பிசிறில்லாமல், பிளேடால் வெட்டிய ஓட்டை. அதன் வழியாகத் தரையின் சிமெண்ட் தெரிந்தது. அடுத்ததைப் பிரித்தேன். அதிலும். இடம் மட்டும் மாறியிருந்தது, ஐந்தாவது படம். ஒன்பதிலும் அப்படியே. பெயரையும் விடவில்லை.

எலி என்று சொல்லக்கூடிய ஓட்டையாக அது இல்லை. நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். இரண்டு இடம் பேசி, தாம்பூலம் வரை வந்து, “அம்மா கூத்துக்காரியாம்ல” என்ற ஒற்றை வார்த்தையில் தட்டிப்போயிருக்கிறது. மூன்றாவதாகக் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வரன். தூரத்துக்காரர்கள், விவரம் தெரியாது. அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து வெட்டியிருக்கிறார். மேடைப் புகைப்படங்கள், நோட்டீஸ்கள் எல்லாம் அடுப்புக்குப் போயின. “காலண்டரையும் எரிச்சிருக்கலாமே” என்று கேட்டுவிட்டேன், கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது. “சாமி படம் இருக்குல்ல? அப்புறம் மத்தவங்க மொகமெல்லாம் இருக்கு. அவங்களை எப்படி அடுப்புல வைக்கிறது?” என்றார்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் சத்துணவுக் கூடத்தில் ஆயா வேலை என்று சொல்லியிருந்தார். சொன்ன பொய்யைக் காப்பாற்ற மூன்று வருடம் மேடை ஏறவில்லை. நிஜமாகவே பக்கத்து ஊர்ச் சத்துணவுக் கூடத்தில் ஒத்தாசைக்குப் போய் வந்திருக்கிறார். பிறகு கல்யாணக் கடன் கழுத்தைப் பிடித்தபோது மறுபடி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். மாப்பிள்ளைக்கு விஷயம் எப்போதோ தெரிந்துவிட்டதாம். “ஒரு நாளும் கேட்டதில்லை. நல்ல பிள்ளை” என்றார்.

அந்த மூன்று வருடங்கள் எனக்கும் நினைவிருக்கின்றன, அத்தை வீட்டில் இருக்கிறாரே என்று தெருவில் ஆச்சரியப்பட்டது நினைவிருக்கிறது. நான் அப்போது கல்லூரியில். இன்னொன்றும் நினைவிருக்கிறது. அக்கா கல்யாணத்துக்குத் தெருவில் எல்லா வீட்டுக்கும் வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகை கொடுத்தோம். அத்தை வீட்டுக்கு அம்மா என்னை அனுப்பி, வாயால் சொல்லிவிட்டு வரச் சொன்னார். சொல்லிவிட்டு வந்தேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. அத்தையும் கேட்கவில்லை. பின்பந்தியில் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டுப் போனார்.

எண்பது வயது வரை இந்த அரசாங்கம் எங்கே போயிருந்தது என்று 2022-இல் கேட்டவன் நான்தான்.

விராலிமலை

முத்துக்கண்ணம்மாள் கதை பலருக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் அதில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. விராலிமலை முருகன் கோயிலுக்கு ஏழு வயதில் பொட்டுக் கட்டப்பட்டவர், அதாவது தேவதாசியாக நேர்ந்துவிடப்பட்டவர். தகப்பனார் நட்டுவனார். திருச்சியிலிருந்து மதுரை போகிறவர்கள் பஸ் ஜன்னலில் பார்த்திருக்கலாம், சாலை ஓரத்திலேயே நிற்கும் அந்தக் குன்று, மயில்கள், சுருட்டு நைவேத்தியம் வைக்கிற சந்நிதி. அந்தப் படிகளில் தினமும் ஏறி இறங்கி ஆடிப் பாடியவர்கள் 32 பேர். அதில் கடைசியாக எஞ்சியவர் அவர். அவர் ஆடியது சதிர், பரதநாட்டியத்துக்கு முந்தைய வடிவம். ஆடுகிறவளே பாடுவாள். பின்பாட்டு மேடையின் ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்து பாட, ஆடுகிறவர் வாயசைக்கிற பிற்காலப் பழக்கம் அங்கே இல்லை.

சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் 1947-இல் வந்தது. விராலிமலை இருந்த புதுக்கோட்டை அப்போது தனி சமஸ்தானம், 1948-இல்தான் இணைந்தது. பொட்டுக் கட்டுவதைத் தடுத்ததோடு அந்தச் சட்டம் நிற்கவில்லை. கோயில் வளாகத்திலும் சாமி ஊர்வலத்திலும் பெண் ஆடுவதே சட்டவிரோதம் என்றது. ஏழு வயதுக் குழந்தையைக் கோயிலுக்குக் கட்டிக்கொடுப்பதை நிறுத்தியது சரி, அதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. அந்தக் காலத்துப் பெருமையை இன்று உருகி உருகி எழுதுகிறவர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையை அந்த இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதட்டும். ஆனால் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவள் மறுநாள் காலையில் என்ன செய்வாள் என்று சட்டம் யோசிக்கவில்லை. அவள் கையிலிருந்த தொழில் குற்றமானது, அவள் கூடப்பிறந்த பெயர் வசையானது.

அந்தச் சட்டத்துக்காக இருபது வருடம் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் புதுக்கோட்டைக்காரர்தான், 1886-இல் அங்கே பிறந்தவர். அவருடைய தாயார் சந்திரம்மாள் தேவதாசிச் சமூகத்தைச் சேர்ந்தவர். தன் வீட்டுக்குள்ளிருந்து தெரிந்த வேதனையைத்தான் அவர் சட்டசபைக்குக் கொண்டுபோனார். 1956-இல் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. அதே 1956-இல் ருக்மிணி தேவி அருண்டேலுக்கும் பத்மபூஷண். சதிரை எடுத்து, பரதநாட்டியம் என்ற பெயரில் மேல்தட்டு வீட்டுப் பெண்களும் ஆடக்கூடியதாக மாற்றியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அடுத்த வருடம் 1957-இல் பாலசரஸ்வதிக்குப் பத்மபூஷண். தலைமுறை தலைமுறையாக ஆடிய குடும்பத்திலிருந்து வந்தவர், கலையைச் சுத்திகரிக்கிறேன் என்ற பேச்சைக் கடைசிவரை ஏற்காதவர். ஆட்டத்தைக் கோயிலில் நிறுத்தியவர், அதைப் புது மேடைக்குக் கொண்டுபோனவர், பழைய மேடையை விட்டுக்கொடுக்காதவர். மூன்று பேரையும் இந்தக் குடியரசு ஒரே பதக்கத்தால் பன்னிரண்டு மாத இடைவெளியில் கௌரவித்திருக்கிறது. முரண்பாடு என்று சிரிக்கலாம். எனக்கு அது பரவாயில்லை என்றுதான் படுகிறது. மூன்று பேருமே தகுதியானவர்கள், அவர்கள் சண்டையைத் தீர்ப்பது பதக்கத்தின் வேலை இல்லை.

முத்துக்கண்ணம்மாள் பெயர் வர அதற்குமேல் 65 வருடம் ஆனது. அந்த 65 வருடத்தில் என்னவெல்லாம் நடந்தது என்று பாருங்கள். பரதநாட்டியம் உலகம் சுற்றியது. 1981-இல் சிதம்பரத்தில் நாட்டியாஞ்சலி தொடங்கி, கோயில் வளாகத்தில் யார் வீட்டுப் பெண்ணும் சிவராத்திரிக்கு ஆடலாம், பார்க்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று ஆனது. விராலிமலையில் ஒருவர் மட்டும், கேட்க வந்தவர்களுக்கெல்லாம் பாடிக்காட்டிக்கொண்டு, கற்க வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, நான் இன்னார், எனக்கு இந்தக் கோயிலில் பொட்டுக் கட்டினார்கள், நான் ஆடியது சதிர் என்று தன் பெயரிலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தையின் காலண்டரைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடைசி விஷயம் எனக்கு உறைத்தது. அந்த 32 பேரின் வீடுகளில், அவர்களைப் போல எத்தனையோ கோயில்களைச் சேர்ந்த நூற்றுக்கணக்கான வீடுகளில், பாட்டியின் படம் என்ன ஆனது? மகள் கல்யாணத்துக்கு முந்தைய இரவுகளில் எத்தனை பெட்டிகள் காலியாகியிருக்கும்? சலங்கையை ஆற்றில் போட்டவர்கள் இருப்பார்கள், ஊரை மாற்றிக்கொண்டவர்கள் இருப்பார்கள், பேத்தியிடம் கடைசிவரை வாய் திறக்காதவர்கள் இருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அப்படி எல்லோரும் வெட்டி எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஒருவர் தன் முகத்தை வெட்டாமல் வைத்திருந்தார். ‘வாழ்நாள் சாதனை’ என்ற சொல்லை மேடைகளில் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொட்டாவி வரும். இவர் விஷயத்தில் அந்தச் சொல்லுக்கு ஓர் அர்த்தம் இருப்பதாகத் தோன்றியது. ஆட்டம் பாதிதான். ஆடியதை மறுக்காமல் 75 வருடம் வாழ்ந்தது மீதி.

வேண்டாம் என்றவர்கள்

அதே 2022 பட்டியலைப் பற்றி இன்னொரு செய்தியும் வந்தது. வங்கத்துப் பாடகி சந்தியா முகர்ஜி, வயது 90, பத்மஸ்ரீயை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தன் உயரத்துக்கு இது அவமானம் என்பது அவர் தரப்பு. அடுத்த மாதமே இறந்துபோனார். அதற்கு முன்பு 2013-இல் எஸ். ஜானகி பத்மபூஷணை மறுத்தார், ரொம்பத் தாமதம், தென்னிந்தியக் கலைஞர்களை டெல்லி கண்டுகொள்வதில்லை என்றார். சிதார் மேதை விலாயத் கான் பத்மஸ்ரீ, பத்மபூஷண், கடைசியில் 2000-இல் பத்மவிபூஷண் என்று படிப்படியாக வந்த மூன்றையும் திருப்பியவர். தன் வாசிப்பை மதிப்பிடும் தகுதி தேர்வுக் குழுவுக்கு இல்லை என்பது அவர் கட்சி.

முன்பெல்லாம் இந்த மறுப்புகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கும், குறிப்பாக ஜானகி சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. ஆனால் மறுப்பதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது. பத்மபூஷணைத் திருப்பி அனுப்பினாலும் ஜானகியின் குரல் டீக்கடையில், பஸ்ஸில், கல்யாண வீட்டில் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். அவர் இருந்தார் என்பதற்கு யாருடைய முத்திரையும் தேவையில்லை. சதிருக்கு அப்படி ஒன்றும் இல்லை. அந்த விருதில் காசு கிடையாது, பதக்கமும் குடியரசுத் தலைவர் கையெழுத்திட்ட ஒரு பத்திரமும்தான். பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, நாம்தான் நோட்டீஸில் அடித்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் எந்த அரசு ஒரு காலத்தில் ‘இது குற்றம்’ என்று ஏட்டில் எழுதியதோ, அதே மாதிரி ஓர் ஏட்டில் ‘கலை’ என்ற தலைப்பின்கீழ் அந்தப் பெயர் ஏறுகிறது. அது விராலிமலையில் ஒருவருக்கு மட்டும் நடந்ததல்ல. எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு பேத்தி அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, நம்ம பாட்டிகூட ஆடுவாங்கன்னு சொன்னீங்களே என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கலாம். 2025-இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறைக்காகப் பத்மஸ்ரீ வந்தபோதும் எனக்கு இதே எண்ணம்தான் ஓடியது. எந்தக் கருவியைத் தொட்டதற்காக ஒருவரைத் தெருவுக்கு வெளியே நிறுத்தினோமோ, அதே கருவியோடு டெல்லிக்குப் போகிறார்.

தாமதத்தை இது நியாயப்படுத்துமா என்றால், இல்லை. அறுபது வயதில் கொடுத்திருந்தால் அவர் இன்னும் இருபது பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்க முடியும். அந்த இருபது பேருக்கு யார் பதில் சொல்வது? சங்கீத நாடக அகாடமி 2023 செப்டம்பரில் ஒரு விழா நடத்தியது. 75 வயதைத் தாண்டியும் தேசிய அளவில் எந்த விருதும் பெறாதவர்கள் என்று நாடு முழுவதும் 84 பேரைத் தேடிப் பிடித்து ‘அம்ரித் விருது’ கொடுத்தார்கள். மணிப்பூரிலிருந்து வந்த ஒரு நட சங்கீர்த்தனக் கலைஞருக்கு 101 வயது. பாராட்ட வேண்டிய காரியம், அதே சமயம் அகாடமி தன் எழுபது வருடக் கணக்கில் விட்டுப்போனதற்குத் தானே எழுதிக்கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமும்கூட. அப்படி ஒப்புக்கொள்வதையாவது நான் மதிக்கிறேன். நாங்கள் வாயால் சொன்ன கல்யாணப் பத்திரிகைக்கு இதுவரை யாரும் வாக்குமூலம் கொடுக்கவில்லை.

படிவம்

சான்று இல்லாமல் படிவத்தை எப்படி அனுப்புவது? அலுவலகத்தில் போய் விசாரித்தேன். அங்கே இருந்த இளைஞர் நல்ல மாதிரிதான் பேசினார். சங்க அடையாள அட்டை, நோட்டீஸ், போட்டோ, பாராட்டுப் பத்திரம், எதுவாக இருந்தாலும் நகல் எடுத்துக் கொடுங்கள் என்றார். எதுவுமே இல்லாவிட்டால்? “ஏதாவது ஒண்ணு இருக்கும் சார், நாப்பது வருஷம் பண்ணிருக்காங்கள்ல” என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. சான்று கேட்காமல் கொடுத்தால் மேடையே ஏறாதவர்கள் முதலில் வந்து வரிசையில் நிற்பார்கள், அதுவும் நாம் பார்க்காததல்ல.

காலண்டர் என்றால் ஒன்று மட்டுமா அச்சடித்திருப்பார்கள் என்று யோசித்தேன். மிருதங்கக்காரரிடம் பேசி, அவர் சொன்ன இரண்டு மூன்று வீடுகளுக்குப் போன் போட்டு, கடைசியில் ஒரு பபூன் நடிகரின் மகன் வீட்டில் ஒன்று கிடைத்தது. அப்பா போன பிறகும் அவர் படம் இருக்கிறதே என்று பூஜையறைக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறார்கள். கறையும் கரப்பான் அரித்த ஓரமுமாக, ஆனால் ஒரு முகமும் குறையாமல். ஸ்திரீபார்ட் வரிசையில் மூன்றாவது. பின்னலை முன்னால் போட்டு, இரண்டு பக்கமும் மூக்குத்தி, கொஞ்சம் முறைப்பாகக் காமிராவைப் பார்க்கிற பெண். இரண்டு கடிதங்களும் வாங்கினேன். அத்தை முப்பது வருடம் தொடர்ந்து போன இரண்டு ஊர்களின் கோயில் கமிட்டி, தங்கள் லெட்டர்பேடில் சீல் வைத்துக் கொடுத்தார்கள். ஒரு பெரியவர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, எண்பத்து மூன்று வைகாசியில் மழை வந்து பந்தல் சாய்ந்தபோதும் பாட்டை நிறுத்தாத கதையை அரை மணி நேரம் சொன்னார். அதையும் எழுதித் தாருங்கள் என்றேன். அதெல்லாம் எதுக்குத் தம்பி, ஊருக்கே தெரியுமே என்றார்.

காலண்டரைப் போனில் படமெடுத்து வந்து அத்தையிடம் காட்டினேன். நல்ல கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். நான் ஏதோ எதிர்பார்த்தேன், என்ன என்று தெரியவில்லை. “இந்த மூக்குத்தி கவரிங்” என்றார். “அப்ப எடுத்த கல்லு மூக்குத்தி அடகுல இருந்துச்சு.” பிறகு வரிசையில் இருந்த மற்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கச் சொல்லி, இது செத்துப்போச்சு, இது திருப்பரங்குன்றத்துல மகன் வீட்டுல இருக்கு, இவன் எனக்கு அறுநூறு ரூவா தரணும் என்று கணக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கடைசியாகப் படிவத்தை முழுக்க வாசித்துக் காட்டச் சொன்னார். கையெழுத்துப் போடுமுன் கேட்டுக்கொள்ள வேண்டுமாம், ஏஜெண்டுகளிடம் ஏமாந்து ஏமாந்து வந்த பழக்கம். பெயர், தகப்பனார் பெயர், கலைப்பிரிவு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ‘கலைத்துறையில் ஈடுபட்டுள்ள ஆண்டுகள்: 41’ என்று வாசித்தேன். பதினேழு வயதில் முதல் நாடகம், ஐம்பத்தெட்டில் கடைசி, நான்தான் கழித்துப் பார்த்து எழுதியிருந்தேன்.

“நாப்பத்தொண்ணு எப்படி வரும்?” என்றார்.

கணக்கைச் சொன்னேன்.

“அதுல மூணு வருஷம் நான் சத்துணவு ஆயால்ல. அதைக் கழி.”

யாருக்குத் தெரியப்போகிறது, 41 என்று இருந்தால் பார்க்க நன்றாக இருக்குமே என்றேன். அவர் பேனாவை மூடி என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அடித்துத் திருத்தினால் அலுவலகத்தில் வாங்க மாட்டார்கள் என்பதால், கடைவீதிக்குப் போய் இன்னொரு படிவம் நகல் எடுத்து வந்து, 38 என்று போட்டு, மறுபடி முதலிலிருந்து எழுதினேன்.